வெள்ளைப் பூசணம் பூத்த கறியைத் தின்னலாமா? – வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக்கு வந்த உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் பெட்டியில் கொண்டுவந்த, உப்பிட்டுப் பதப்படுத்திய கறி மட்டும் குளிர்பெட்டியில் கிடக்கிறது, யாரும் தொடாமல். அதைப் பற்றித்தான் இம்முறை கடிதங்கள். உப்புக்கண்டம் பற்றி வந்தவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். இரண்டும் ஒரே சங்கதிதான்.

பாரிஸிலிருந்து வந்த பேரன், தடி மாதிரி ஒரு பன்றிக்கறி சாசேஜ் கொடுத்துவிட்டுப் போனான். ‘அப்படியே நறுக்கிச் சாப்பிடு பாட்டி’ என்கிறான். மேலே சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அமுக்கினால் கல்லாக இருக்கிறது. கெட்டுப்போனதா? பச்சைக்கறியை எப்படி அப்படியே தின்பது? – வாசகி, காரைக்கால்

கெடவில்லை. உங்கள் பேரன் கொடுத்தது சொசிசோன். அரைத்த பன்றிக்கறியோடு கொழுப்பு, உப்பு, மிளகு, பூண்டு சேர்த்துக் குடலில் அடைத்து, வாரக்கணக்கில் குளிர்ந்த அறையில் தொங்கவிட்டு உலர்த்தியது. அந்த வெள்ளை, தயாரிப்பவர்களே வேண்டுமென்று ஏற்றும் நல்ல பூசணம். கெட்ட பூசணத்துக்கு அது இடம் விடாது. தோல் அவசரமாகக் காய்ந்து இறுகாமலும் காக்கும். சில தயாரிப்புகளில் வெறும் மாவு தூவியிருப்பதும் உண்டு.

தூக்கிப் போட வேண்டியது எது? பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல வளர்ந்திருந்தால், தொட்டால் பிசுபிசுத்தால், மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் வேண்டாம். வெட்டிப் பார்க்கும்போது உள்ளே கருஞ்சிவப்பும் வெள்ளைக் கொழுப்புமாக ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் சாம்பல் பச்சையாக நிறம் மாறியிருந்தாலோ, பொந்து விழுந்து அதில் பூசணம் பிடித்திருந்தாலோ முழுவதையும் எறிந்துவிடுங்கள். கெட்ட இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் சிக்கனம் இங்கே கூடாது.

பொட்டலத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். காரைக்காலில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கா பஞ்சம்! ‘செக்’ என்று போட்டிருந்தால் உலர்த்தியது, அப்படியே சாப்பிடலாம். ‘ஆ குயிர்’ என்றிருந்தால் வேகவைத்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே வடிவத்தில் இருக்கும். வேகவைக்க வேண்டியது கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கும். உங்களுடையது கல்லாக இருப்பது நல்ல அடையாளம்.

பிரான்ஸில் இதைச் சமையலறைக் கொக்கியில் மாட்டி வைப்பார்கள். அதைப் பார்த்து இங்கே மாட்டாதீர்கள். அவர்கள் நிலவறையில் 12, 15 டிகிரி. நம் சமையலறையில் சித்திரையில் 35-க்குக் குறையாது. கொழுப்பு உருகி வெளியே கசியும், நாலே நாளில் காறல் அடிக்கும். பிளாஸ்டிக் உறையில் வந்திருந்தால் பயணத்தில் வியர்த்திருக்கும். உறையைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். வெட்டத் தொடங்கிய முழுச் சாசேஜ் அப்படி மூன்று வாரம் தாங்கும். துண்டு போட்டுக் காற்றில்லாமல் அடைத்த பாக்கெட் என்றால், பிரித்த மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும்.

இப்போது சாப்பிடும் விதம். பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும். அரை மணி வைத்தால் நம் ஊர் வெக்கைக்குத் துண்டெல்லாம் எண்ணெய் வடியும். அன்றைக்குத் தேவையான நீளத்துக்கு மட்டும் தோலைக் கத்தி நுனியால் கீறி உரியுங்கள். தோலைத் தின்றால் குடிமுழுகிப் போகாது, ஆனால் ரப்பர் போல இருக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். முதன்முறை சாப்பிடுகிறவர்கள் ‘ஐயே’ என்று வைத்துவிடுவதற்குப் பெரும்பாலும் கனமான துண்டுதான் காரணம். கனம் கூடினால் உப்புத் தூக்கும், கொழுப்பு வாயில் தனியாக நிற்கும். மெல்லிசாக இருந்தால் கொழுப்பு நாக்குச் சூட்டிலேயே கரைந்துவிடும்.

உப்பில்லாத வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டோடு தொடங்குங்கள். ஆளுக்கு நாலு துண்டு, சுமார் 20 கிராம், முதல் நாளைக்குப் போதும். முதலில் உப்புத் தெரியும், பிறகு ஒரு புளிப்பு, கடைசியில் மிளகும் பூண்டும். அந்தப் புளிப்பைக் கண்டு மிரள வேண்டாம். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் கிருமியின் உறவுக்காரர்கள்தான் அங்கேயும் வேலை செய்திருக்கிறார்கள். பழைய சோற்றுக்கு இது நன்றாகவே சேரும். சோற்றில் மட்டும் உப்புப் போடாதீர்கள்.

அப்படியே சாப்பிட மனம் ஒப்பவில்லையா? சின்னச் சதுரங்களாக நறுக்கி, எண்ணெய் ஊற்றாமல் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம், கொழுப்பு கண்ணாடியாகும் வரை வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிப் பொடிமாஸ் செய்யுங்கள். குழம்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கறி நார் நாராகிவிடும்; அதிலிருக்கும் உப்பு முழுக்கக் குழம்பில் இறங்கி இரண்டும் வீணாகும்.

வேகவைக்காத கறி எப்படிக் கெடாமல் இருக்கிறது? மருந்து போடுகிறார்கள் என்கிறார்களே? – வாசகர், கும்பகோணம்

கிருமி பெருகத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைப் பிடுங்குவதுதான் வித்தை. கிலோவுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு சேர்த்து உலர்த்தும்போது சாசேஜ் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். மிச்சமிருக்கும் ஈரத்தை உப்பு கட்டிப்போடும். நொதிப்பதால் உண்டாகும் புளிப்பு அடுத்த காவல்.

நீங்கள் சொல்லும் ‘மருந்து’ சோடியம் நைட்ரைட். பொட்டலத்தில் ‘ஈ250’ என்று இருக்கும். ‘ஈ252’ என்றால் பொட்டாசியம் நைட்ரேட், நம் ஊர் வெடியுப்பு. கறி சாம்பல் நிறமாகாமல் சிவப்பாக நிற்பது இதனால்தான். பொட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயை உண்டாக்கும் கிருமியை அடக்குவதும் இதுவே. இத்தாலியின் பார்மா ஹாம் போல, உப்பைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல் ஓராண்டுக்கு மேல் பக்குவப்படுத்துவதும் உண்டு. அது பன்றியின் முழுத் தொடை. உள்ளே கிருமி நுழைய வழியில்லாததால் அப்படிச் செய்ய முடிகிறது. அரைத்த கறிக்கு அந்த வசதி கிடையாது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அன்றாடம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணக்கு. மாதம் ஒருமுறை நாலு துண்டு தின்பவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் ‘நைட்ரைட் இல்லாததால் எங்கள் உப்புக்கண்டம் சுத்தம்’ என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. உப்பிட்டுப் பதப்படுத்தியது எல்லாமே அந்தக் கணக்கில் வருகிறது.

வளைகுடாவிலிருந்து தம்பி அனுப்பிய மாட்டுக்கறி ‘பஸ்துர்மா’வைப் பிரித்ததும் வீடு முழுக்க வெந்தய வாடை. மேலே சிவப்பாகப் பசை அப்பியிருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடுவதா? ஹலால் முத்திரை இருக்கிறது. – வாசகர், நாகூர்

துருக்கியில் கைசேரி என்ற ஊர் இதற்குப் பேர்போனது. மாட்டின் கொழுப்பில்லாத சதையை உப்பில் புதைத்து, பாரம் வைத்து நீரை வடித்து, உலர்த்தி, கடைசியில் வெந்தயப் பொடி, பூண்டு, சிவப்பு மிளகாய் குழைத்த பசையை மேலே அப்புவார்கள். அந்தப் பசை சாப்பிடத்தக்கது. புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் முக்கால்வாசியைச் சுரண்டிவிட்டு, ஒரு மெல்லிய படலம் மட்டும் விட்டுவைப்பது நல்லது. அத்தனையையும் சேர்த்துத் தின்றால் மறுநாள் வியர்வையிலும் வெந்தயம் மணக்கும். இது வேடிக்கைப் பேச்சில்லை.

காகிதக் கனத்தில் நறுக்குங்கள். வாணலியில் அரைக் கரண்டி வெண்ணெய் உருகியதும் துண்டுகளைப் பரப்பி, அரை நிமிடத்தில் மேலே முட்டை உடைத்து ஊற்றிவிட வேண்டும். அதற்கு மேல் வறுத்தால் வெந்தயம் கருகிக் கசக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் வைக்காவிட்டால் பால், தயிர் எல்லாவற்றிலும் அதே வாடைதான்.

முத்திரை இருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை. பொதுவாகச் சாசேஜ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே கோழிக்கறியாக இருந்தாலும் மேலுறை பன்றிக்குடலாக இருக்கலாம். முத்திரை இல்லாததில் உறை எதனால் ஆனது என்றும் படித்துவிட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சீனச் சாசேஜ் இனிக்கிறது. கடித்தால் மெழுகு மாதிரி இருக்கிறது. – வாசகர், மன்னார்குடி

சமைக்காமல் கடித்துவிட்டீர்கள். ‘லாப் சியோங்’ உலர்ந்ததாகத் தெரிந்தாலும் வேகவைத்துச் சாப்பிட வேண்டியது. சோறு வடிக்காமல் பொங்குகிறீர்கள் என்றால், தண்ணீர் சுண்டியதும் முழுச் சாசேஜை மேலே வைத்து மூடி, சிறு தீயில் 15 நிமிடம் விடுங்கள். கொழுப்பு சோற்றில் இறங்கும். பிறகு சாய்வாக நறுக்குங்கள். சர்க்கரை சேர்ந்தது என்பதால் நேராக வாணலியில் போட்டால் கருகிவிடும். அதே ஊரின் ‘பக் குவா’ தகடு தகடாக இருக்கும், ஏற்கெனவே சுட்டது. அதை அப்படியே தின்னலாம்.

கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்தேன். மாமியார் வீட்டில் உப்புக்கண்டம் கொடுத்துவிட்டார்கள். நான் இதுவரை சாப்பிட்டதில்லை. எண்ணெயில் போட்டு வறுத்தேன். தோல் வாராக இழுக்கிறது, உப்பு வாயில் வைக்க முடியவில்லை. – வாசகி, தஞ்சாவூர்

வறுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய மூன்று வேலைகள் விட்டுப்போயிருக்கின்றன. நாலு பேருக்கு 100 கிராம் எடுங்கள். பார்வைக்குக் கொஞ்சம்தான், ஆனால் அது கால் கிலோ பச்சைக்கறி. ஓடும் நீரில் ஒரு அலசு அலசி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். உப்பில் பாதி அதிலேயே போய்விடும். ஊறியதை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டுங்கள். நார் விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும். பிறகு நாருக்குக் குறுக்கே சின்னதாக நறுக்கி, ஒரு தம்ளர் நீரோடு குக்கரில் நாலு விசில்.

அப்புறம்தான் வாணலி. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், நாலு வரமிளகாய், இருபது சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் கறியைப் போட்டு மட்டான தீயில் ஆறேழு நிமிடம் பிரட்டுங்கள். தீ கூடினால் கறியிலிருக்கும் மிளகாய்த்தூள் கருகும், நார் மறுபடி இறுகும். இறக்கும் முன் ருசி பார்க்கும் வரை உப்புப் பக்கம் கை போகக் கூடாது. பெரும்பாலும் தேவையே இருக்காது.

குழம்பு வைப்பதானால் கத்தரிக்காயும் மாங்காயும் பொருத்தம். கறி மெத்தென்று வெந்த பிறகே புளியோ மாங்காயோ சேருங்கள். புளிப்பு முன்னால் விழுந்துவிட்டால் அப்புறம் கறி இளகாது.

வீட்டில் உப்புக்கண்டம் போட்டோம். மேலே நன்றாகக் காய்ந்தது, பத்து நாளில் உள்ளே நாற்றம் எடுத்துவிட்டது. உப்பு போதவில்லையா? கத்திரி வெயிலில்தான் காயவைத்தோம். – வாசகர், பாபநாசம்

கத்திரி வெயில்தான் உங்களைக் கெடுத்தது. உச்சி வெயிலில் தோல் அவசரமாக இறுகி ஓடு கட்டிவிடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே அழுகும். துண்டும் கனமாக இருந்திருக்க வேண்டும். டெல்டாவில் இதற்கு மாசியும் பங்குனியும்தான் மாதம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே கூடாது. கத்திரியில் போட்டே ஆக வேண்டுமென்றால் காலை வெயில் மட்டும் காட்டி, பதினொரு மணிக்கு மேல் காற்றோட்டமான நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு கிலோ எலும்பில்லாத தொடைக்கறி என்று வைத்துக்கொள்வோம். துண்டு போடுவதற்கு முன்பே கழுவி, நீரை முழுக்க வடியவிட்டுத் துணியால் ஒற்றிவிடுங்கள். நறுக்கிய பின் கழுவினால் ஒவ்வொரு துண்டும் நீர் குடிக்கும். கொழுப்பையும் ஜவ்வையும் விடாமல் எடுங்கள். உப்பு சதையைக் காக்கும், கொழுப்பைக் காக்காது. இரண்டாவது மாதம் வரும் சிக்கு வாடை அதிலிருந்துதான். நார் ஓடும் திசையிலேயே, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் பட்டை பட்டையாக அறுக்க வேண்டும்.

பொடித்த கல் உப்பு 70 கிராம். இதைத் தராசில் நிறுங்கள். கல் உப்பையும் தூள் உப்பையும் ஒரே கரண்டியால் அளந்தால் எடை வேறுபடும். மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி. இஞ்சி பூண்டு சேர்ப்பவர்கள் சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். சேர்க்காமலிருப்பது இன்னும் நல்லது என்பது எங்கள் கட்சி. அதைச் சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாமே. பிசறிப் பீங்கான் ஜாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ குளிர்பெட்டியில் ஓர் இரவு. அலுமினியம் வேண்டாம், உப்பு அரித்துவிடும். காலையில் ஊறி நிற்கும் நீரைப் பிழிந்து கொட்டிவிடுங்கள்.

கோணி ஊசியில் கனத்த நூல் கோத்து, துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் முதலில் கெடும். சுற்றிலும் கொசுவலை, ஆனால் வலை கறியில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஈ வெளியிலிருந்தபடியே முட்டை வைத்துவிடும். முதல் நாள்தான் பரீட்சை. சாயங்காலத்துக்குள் மேல்பாகம் ஈரம் போய் வறண்டிருக்க வேண்டும். மேகம் போட்டு அது நடக்கவில்லையென்றால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். அன்றிரவே குழம்பு வைத்துவிடுங்கள்.

நாலு மணிக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடல்காற்றில் பகலிலேயே இது நடக்கும். இரவில் பாத்திரத்தில் போட்டு மூடாமல் மின்விசிறிக்கடியில் தொங்கவிடுங்கள். நாலைந்து நாளில் ஒரு கிலோ 350 முதல் 400 கிராமுக்கு வந்துவிடும். அதற்கு மேல் எடை நின்றால் இன்னும் காயவில்லை. இருப்பதிலேயே கனமான துண்டை ஒடியுங்கள். வளைந்தால் பத்தாது, ஒடிய வேண்டும். ஒடிந்த இடத்தில் விளிம்பும் நடுவும் ஒரே கருநிறமாக இருக்க வேண்டும். நடுவில் சிவந்த மெத்தைப் பகுதி தெரிந்தால் இன்னொரு நாள்.

சூடு முழுக்க ஆறிய பிறகே கண்ணாடி ஜாடியில் அடையுங்கள். மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள், மழைக்காலத்துக்கு உறைபெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை எண்ணெயில் அமிழ்த்தி வைப்பதும், காற்றை உறிஞ்சி அடைப்பதும் ஆபத்து. பொட்டுலிசக் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் சொர்க்கம். இன்னொன்று, நன்றாகக் காய்ந்தாலும் கிருமி செத்துவிடாது. பெருகாமல் கிடக்கும், அவ்வளவுதான். அதனால் உப்புக்கண்டத்தை எப்போதும் வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

அதே முறையில் நம்மூர்ப் பன்றிக்கறியில் சலாமி (உலர்த்திய இத்தாலியச் சாசேஜ்) போட்டு, வேகவைக்காமல் சாப்பிடலாமா? – வாசகர், பட்டுக்கோட்டை

கூடாது. தெருவில் மேய்ந்த பன்றியின் கறியில் நாடாப்புழுவின் கூடுகள் இருக்கலாம். அரைவேக்காட்டுக் கறியைத் தின்றவர் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் கைவழியாக வாய்க்குள் போனால் மூளை வரைக்கும் சென்று வலிப்பில் கொண்டுவிடும். மேல்நாட்டில் பண்ணையில் அடைத்து வளர்த்து, அறுத்த இடத்தில் பரிசோதித்த பிறகே சலாமிக்குக் கறி போகிறது. புழு ஒருபுறமிருக்க, சலாமி உலர 12 முதல் 15 டிகிரி குளிர் வாரக்கணக்கில் மாறாமல் வேண்டும். நம் வீட்டு மொட்டை மாடியில் அது மார்கழியிலும் கிடைக்காது.

மகள் ஆறு மாதக் கர்ப்பம். இந்தக் கறிகளுக்கு ஆசைப்படுகிறாள். – வாசகி, மயிலாடுதுறை

வேகவைக்காமல் சாப்பிடும் எதையும் கொடுக்காதீர்கள். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டிக்குள்ளும் வளரும். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து வயிற்றுப் பிள்ளையைப் பறித்துவிடும். ஆவி பறக்கச் சமைத்த பொடிமாஸோ வறுவலோ கொஞ்சம் தரலாம், இரத்த அழுத்தம் இல்லாவிட்டால். மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ.ஐ. வகை மாத்திரை எடுப்பவர்களும் நாள்பட்ட பதக்கறியை ஒதுக்க வேண்டும்; இரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும்.

இரத்த அழுத்தம் உள்ளவர் எவ்வளவு சாப்பிடலாம்? – வாசகர், திருத்துறைப்பூண்டி

ஒரு நாளைக்கு எல்லா உணவும் சேர்ந்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. நூறு கிராம் சொசிசோனில் மட்டும் 4, 5 கிராம் இருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் இல்லாத நாளில் இரண்டு துண்டு. மருத்துவர் உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தால் அதுவும் இல்லை.

அடுத்த முறை வரும்போது இன்னும் கொண்டுவரச் சொல்லலாமா? – வாசகர், திருவாரூர்

சுங்கத்துக்குக் கொடுக்கும் அறிவிப்புப் படிவத்தில், இறைச்சிப் பொருள் வைத்திருக்கிறீர்களா என்ற கேள்வி உண்டு. ஆம் என்று எழுதிவிடச் சொல்லுங்கள். அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொண்டால் பொருளோடு போயிற்று. மறைத்து மாட்டிக்கொண்டால் அபராதமும் சேரும். கடையில் வாங்கிய, பிரிக்காத, பெயரும் தேதியும் அச்சிட்ட பொட்டலமாக இருக்கட்டும். வீட்டில் செய்ததைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவது வேண்டாம். பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தால் சென்னையிலிருந்து திருவாரூர் வரும் ஏழெட்டு மணி நேரத்தில் வெந்துவிடும். வந்திறங்கியதும் ஐஸ் போட்ட பைக்கு மாற்றச் சொல்லுங்கள்.